பாக்கியத்தின் வெகுளி

குரங்குக்கு வைக்கிற கல்லை ஒரு மனிதருக்காக வைத்ததை என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

செஞ்சியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்குள் இரண்டு அடுப்பு, பெரிய அலுமினிய அண்டா ஒன்று. சோறு வடித்து இறக்கியதும் அண்டாவை மூடி, மூடிமேல் ஒரு கருங்கல்லைத் தூக்கி வைப்பார்கள். கோட்டை மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகளுக்கு வெறும் மூடியெல்லாம் ஒரு பொருட்டா? கல் இருந்தால்தான் கொஞ்சம் யோசிக்கும். அதனால் அதற்குப் பேரே குரங்குக் கல்.

அன்று மத்தியானம் பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. மூடி திறந்தாயிற்று. பூசணிக்காய்ச் சாம்பார் வாசனை என் வகுப்பு வரைக்கும் வந்தது. மதிய உணவு சமைக்கிற பாக்கியம் கரண்டியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அதைக் கீழே வைத்தாள். மூடியை எடுத்து அண்டாவை மூடினாள். குனிந்து, அந்தக் கல்லை இரண்டு கையாலும் தூக்கி மூடிமேல் வைத்தாள்.

அப்போது அங்கே ஒரு குரங்குகூட இல்லை. எதிரே நின்றவர் எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர்.

மூக்குமேல் இருந்தது

போன வாரம் என் கோபத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "உங்களைச் சுற்றி எல்லாருமே கோபக்காரர்கள்தானா? கோபமே வராத ஒருத்தரையாவது பார்த்ததில்லையா?" பார்த்தேன் தாயே. அவளைப் பற்றித்தான் இந்த வாரம்.

அதற்கு முன்னால் என் பவிஷைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்குமேல் இருந்தது என்பார்கள். மூக்குமேலாவது, தலைமுடி நுனி வரைக்கும் இருந்தது. எல்லாம் என் நைனா கொடுத்த சொத்து. வல்லத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம். நைனாவுக்குக் கோபம் வந்தால் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கொல்லைக்குப் போய் மாடுகளிடம் முறையிடுவார். அவர் மாட்டிடம் பேசுவது நாலு கொல்லைக்கு அப்பால் இருக்கிறவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்கும். சாயங்காலம் அம்மா, "வந்து கொட்டிக்கினு அப்புறமா கோச்சிக்கோ" என்பாள். வந்து சாப்பிடுவார். முடிந்தது.

எங்கள் மாதா கோயிலில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். கோபம் வருகிற இடத்தில் மட்டும் பக்கத்துப் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்க்கும். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே பங்குச் சாமியார், "இந்த வாரம் யார்மேல கோவம்?" என்று கேட்பார்.

தமிழ் படித்து, இருபத்துமூன்று வயதில் தமிழ் டீச்சராகச் செஞ்சிக்கு வந்தேன். வந்தும் அந்தக் குணம் போகவில்லை. நான் சொல்லப் போகிற நாளன்று காலையில்தான் என் சிவப்பு மைப் புட்டியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஆசிரியர் அறையில் ஓர் ஆட்டம் ஆடியிருந்தேன். கடைசியில் அது என் பைக்குள்ளேயே இருந்தது. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

பாக்கியம்

பாக்கியத்துக்கு அப்போது முப்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் கல் உடைக்கப் போன இடத்தில் பாறை சரிந்து ஒரு கால் போய்விட்டது. பாக்கியத்தின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கட்டை குட்டையான உருவம், கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு.

ஊரே அவளை வெகுளி என்றது. சும்மா சொல்லவில்லை. பால் பவுடர் மூட்டை வந்தபோது, "இது அமெரிக்காவுல பிரசிடென்ட் வீட்டுப் பசுவோட பாலு" என்று கணக்கு டீச்சர் அளந்துவிட்டார். பாக்கியம் மூட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "அந்தப் பசுவுக்கு இன்னா பேரு டீச்சர்?" என்று கேட்டாள். மந்திரி வருவதால் இன்றைக்குக் கோட்டைப் பீரங்கி வெடிக்கும் என்று பிள்ளைகள் புளுகியபோது, புகை விழுந்துவிடுமே என்று சாம்பாரை மூடி வைத்துவிட்டு, கோட்டை இருக்கிற ராஜகிரி மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏமாந்தது தெரிந்தால் கோபிப்பாளா? எல்லாரையும்விட அதிகமாக அவள்தான் சிரிப்பாள். "எனக்கு இன்னும் போடல" என்று ஒரே பிள்ளை மூன்று தடவை தட்டை நீட்டினாலும் போடுவாள்.

என்னை அவளுக்குப் பிடிக்கும். நான் கத்திவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும்போது ஒரு டம்ளர் வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். "குடிங்க டீச்சர். கத்தனா தொண்ட காஞ்சிபூடும்."

கல் ஏறிய கதை

தலைவரின் பேரைச் சொல்ல மாட்டேன். அவர் பேரன் பேத்திகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கலாம். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவருடைய தம்பி மகள் அந்த வருஷம்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தாள். அவள் சாப்பிடுகிற அழகைப் பார்க்க வந்தவர் கண்ணில், அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பட்டார்கள். ஊருக்கு வெளியே காலனியிலிருந்து வருகிற ஆறு பெண் பிள்ளைகள்.

"இன்னா இது, எல்லாத்தையும் ஒண்ணா கலந்து உக்கார வெச்சிருக்கீங்க? இதுங்கள எழுப்பி அந்தப் புங்க மரத்தடியில தனியா உக்கார வைங்க" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. விசிறியை எடு என்பதைப் போலச் சொன்னார்.

தலைமையாசிரியை அம்மாள் டீச்சர்கள் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

யாரும் பிள்ளைகளை எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தலைவர் வாயை மூடுவதற்குள் ஆறு பேரும் தாங்களாகவே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அதில் எல்லாருக்கும் சின்னவள், ஒண்ணாங்கிளாஸ், எழுந்தவள் மறுபடியும் குனிந்தாள். தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, மற்றவர்கள் பின்னால் புங்க மரத்தடிக்குப் போனாள்.

அவளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? ஆறு வயசு!

அந்தத் துடைப்பைப் பார்த்துத்தான் பாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

கல் ஏறியது. அதோடு நிற்கவில்லை. பக்கத்து அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அடுப்பிலிருந்து விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். அடிப்பிடித்துவிடக் கூடாதாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. புராணங்களில் எத்தனை கோபம் படித்திருக்கிறேன். ஊர் எரிகிறது, கடல் வற்றுகிறது, சாபத்தால் ஆட்கள் கல்லாகிறார்கள். அவ்வளவு கோபத்திலும் அடுப்பில் இருக்கிற குழம்பு கெடக்கூடாது என்று யாரும் நினைத்ததாக நான் படித்ததில்லை.

"ஆறு பேரும் இருந்த எடத்துலயே வந்து உக்காரட்டும். அப்புறம் சோறு போடறேன்" என்றாள்.

"இன்னாது? நான் யாருன்னு தெரிதா உனக்கு?"

"தெரியுங்க. நீங்க தலைவரு. நான் சமைக்கிறவ. கல்ல எடுக்க வேண்டியது நானு."

கண் சிவக்கவில்லை. உதடு துடிக்கவில்லை. நாங்கள் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிற கோபத்தின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிறு மட்டும் நாடித் துடிப்புக்கு ஏற்ப எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது.

பந்தியில் இருந்த ஒரு பெரிய பெண், மூடிமேல் இருந்த கல்லைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், களுக்கென்று சிரித்துவிட்டாள். குரங்குக் கல் யாருக்கு வைத்திருக்கிறது என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. தலைவருக்கும் உறைத்தது. "பாத்துக்கறேன்டி" என்று சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்கக் கேட்கப் போனார்.

அவர் போன பிறகும் அந்த ஆறு பேர் மரத்தடியிலேயே நின்றார்கள். பாக்கியம் போய்ச் சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, அவள் துடைத்த அதே இடத்தில் உட்கார வைத்தாள். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். கல்லை இறக்கிவிட்டு, முதல் கரண்டிச் சோறு அந்தத் தட்டில்தான் போட்டாள்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? தாழ்வாரத் தூணுக்குப் பக்கத்தில். மைப் புட்டிக்காக ஆடிய அதே நான், கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு, வாயில் ஈ போவது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கோயிலிலேயே இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் ஒரு சாதி என்று நடுவே ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூக்குமேல் இருந்த கோபம் ஒருநாளும் அந்தக் கம்பியின் பக்கம் போனதில்லை.

நான் எழுதிய வரி

தலைவர் புகார் எழுதினார். பாக்கியம் கோபத்தில் பள்ளி ஒழுங்கைக் குலைத்தாள், தலைவரைக் குரங்கோடு ஒப்பிட்டாள், வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று. பந்தியில் யாரை எழுப்பச் சொன்னார் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

விழுப்புரத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. பாக்கியத்துக்காக ஒரு சாட்சிக் கடிதம் எழுதும்படி தலைமையாசிரியை என்னிடம் சொன்னார். அவள் வேலை என் பேனா முனையில் இருக்கிறது என்று எனக்கு ஒரே பரபரப்பு. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் இப்படி முடித்தேன்: 'பாக்கியம் இயல்பிலேயே வெகுளி. அன்று நடந்தவை யாவும் அந்த வெகுளியின் விளைவே.'

நல்ல வரி என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அதே வாரம் பத்தாம் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் என்ன தெரியுமா? எட்டு மெய்ப்பாடுகள். மனசில் எழுவது உடம்பில் தெரிவதைப் பழைய தமிழ் எட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் ஏழாவதைக் கரும்பலகையில் என் கையாலேயே எழுதிப் போட்டிருந்தேன். 'வெகுளி – கோபம்'. ஊர்ப் பேச்சில் அப்பாவிக்கு வெகுளி என்று பேர். இலக்கணத்தில் கோபத்துக்கு வெகுளி என்று பேர். இரண்டும் என் ஒரே தலைக்குள் இருந்தன. ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

அதிகாரி ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, நெற்றியில் மெலிதாக விபூதி வைத்திருந்தார். தலைமையாசிரியை அறையில் தலைவர் நாற்காலியில், நாங்கள் ஓரமாக, பாக்கியம் கதவுக்குப் பக்கத்தில். அதிகாரி என் கடிதத்தைப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இவங்களுக்குக் கோபம் இயல்புன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே."

எனக்குக் காது மடல் சுட்டது. "ஐயா, அந்த வெகுளி இல்லீங்க..."

"தமிழ் டீச்சரே சொல்லிட்டாங்க. அப்புறம் இன்னா விசாரணை?" என்றார் தலைவர். அவர் முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி!

அதிகாரி பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ வெகுளியா?"

"ஆமாங்க" என்றாள் பாக்கியம் பளிச்சென்று. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

ஐயோ, பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

இரண்டில் ஒன்று

ஆனால் அந்த மனிதர் நல்லவர். தமிழும் தெரிந்தவர். கொஞ்ச நேரம் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு குழந்தைக்குச் சொல்வதைப் போலப் பாக்கியத்துக்குச் சொன்னார்.

"இந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும்மா. ஒண்ணு, விவரம் தெரியாதவ. இன்னொண்ணு, கோபம். விவரம் தெரியாம செஞ்சிட்டேன்னு நீ சொன்னா, நான் அப்படியே எழுதிக்கறேன். கைநாட்டு வெச்சிட்டுப் போய் அடுப்பைப் பத்த வை. வேலை உனக்குத்தான். கோபத்துல செஞ்சேன்னு சொன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எதை எழுதட்டும்?"

நான் பாக்கியத்தைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினேன். முதலாவதைச் சொல்லு. வீட்டில் கால் போன மனுஷனை நினைச்சுக்கோ. சொல்லித் தொலையேன்.

அவள் அவசரப்படவில்லை. "வெவரம் தெரியாம செஞ்சேன்னு எழுதனா, அந்தப் புள்ளைங்க நாளைக்கு எங்க உக்காருவாங்க ஐயா?"

"அது எங்க விஷயம். உனக்கெதுக்கு?" என்றார் தலைவர்.

பாக்கியம் அவரைப் பார்க்கவே இல்லை. "அப்ப கோவம்னே எழுதிக்குங்க. தெரிஞ்சிதான் கல்லு வெச்சேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "கோபம்னு எழுதினா, எதனாலன்னும் எழுதியாகணுமே" என்றார். "தலைவர் அன்னைக்குப் பந்தியில யாரை எழுப்பச் சொன்னாருன்னு யாராவது சொல்லுங்க."

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"காரணம் இல்லாம கோபம் ஏதுங்க?" என்றார் அதிகாரி.

தலைமையாசிரியை அம்மாள் சொன்னார். தலைவர் முன்னாலேயே சொன்னார். ஆறு பிள்ளைகளின் பேரையும் சொன்னார். கடைசிக் குழந்தை இடத்தைத் துடைத்துவிட்டு எழுந்ததையும் சொன்னார். எல்லாம் காகிதத்தில் ஏறியது. இனி யாரையும் பந்தியிலிருந்து எழுப்பக் கூடாது, எழுப்பினால் சட்டப்படி குற்றம் என்று அதிகாரி கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கும் கீழே, சமையல் வேலையிலிருந்து பாக்கியம் நீக்கம். காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: வெகுளி.

பாடத்தில் கோபத்துக்குக் காரணங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்று, தன்னைச் சார்ந்தவர்களை ஒருவன் வருத்துவது. வருஷா வருஷம் அதை மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். அதற்குப் பொருள் இதுதான் என்று அன்று பாக்கியம் கைநாட்டு வைத்துக் காட்டினாள். எட்டு மெய்ப்பாட்டில் மருட்கை என்று ஒன்று உண்டு. வியந்து வாயடைத்துப் போவது. அவள் வெகுளியைப் பார்த்த எனக்கு வந்தது அதுதான்.

சாமியாரும் பஸ் ஸ்டாண்டும்

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கம்போல, "யார்மேல கோவம்?" என்றார் சாமியார்.

"கோபப்பட வேண்டிய இடத்தில கோபப்படல சாமி. இதை ஏழுல எதுல சேக்கறது?"

தடுப்பு வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சோம்பல்னு வெச்சுக்கம்மா" என்றார். அவர் சிரித்தாரா, வருத்தப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாக்கியம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை விற்க ஆரம்பித்தாள். அவளைப் பார்க்க எனக்குக் கூச்சம். பார்த்ததும் அழுதுவிட்டேன். "என் வார்த்தையாலதான் உனக்கு வேலை போச்சு பாக்கியம்."

"போங்க டீச்சர்! அது நல்ல வார்த்ததான்" என்று சிரித்தாள். ஒரு கூம்புப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். "புதுசா வந்திருக்கற அம்மா சோத்தக் கொழைக்காம வடிக்கிறாங்களா? புள்ளைங்க சாப்டுதுங்களா?"

நான் பொட்டலத்தைப் பிரித்தேன். புதிய சமையல்காரம்மா தலைவர் பார்த்து வைத்த ஆள். காகிதம் விழுப்புரத்துக்குப் போய்விட்டது. செஞ்சியில் தலைவர் இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் அவர் வந்தார். யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. சட்டம் தெரிந்தவர் ஆயிற்றே. சும்மா வந்து, பந்திக்கு எதிரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த ஆறு பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். புதிய அம்மாள் கரண்டியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலனிப் பிள்ளைகளில் பெரியவள் தட்டைக் கையில் எடுத்தாள். சின்னவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

கல் அடுப்புக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

தாழ்வாரத்திலிருந்து நான் இறங்கியது எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கு ஞாபகம் இல்லை. மூடியை எடுத்து அண்டாவை மூடினேன். குனிந்து கல்லைத் தூக்கினேன். அம்மாடி, என்ன கனம்! இதையா அவள் தினமும் தூக்கினாள்? இடுப்புவரை கொண்டுவந்து, மூச்சைப் பிடித்து, மூடிமேல் வைத்தேன். 'ணங்' என்று ஒரு சத்தம்.

"டீச்சர், இன்னா இது?" என்றார் தலைவர்.

நான் கத்தவில்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"குரங்கு வருதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். செருப்புச் சத்தம் கேட் வரைக்கும் போய் ஓய்ந்த பிறகு, சின்னவள் பாவாடை நுனியை விட்டுவிட்டுத் தட்டை என் பக்கமாக நகர்த்தினாள்.